ஆக்சில் மாத்தப்போற மருமவனுக்கு

மருமவனே, உன் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு மாருதி ஆம்னி வேன் ஆக்சில் மாட்டப்போறேன்னு நீ சொன்னதும் எனக்கு சந்தோசம் தாங்கல. மத்த வீட்டுப் பயலுவ கழக்கூட்டம் டெக்னோபார்க்குல சேந்து, பிளாட்டு வாங்கி, மாசாமாசம் கடன் கட்டியே கெட்டுப்போவுதானுவ. நீ ஒருத்தன்தான் ஓடிட்டிருந்த காரைக் காசு குடுத்து வாங்கி, அதை ஓடாம ஆக்கதுக்கு இவ்வளவு பிரயாசப்படுத. கொள்ளாம். நம்ம நாஞ்சில்நாட்டுல மருமக்கள் வழி இருந்த காலமா இருந்தா, இந்த மாமன் சொத்தெல்லாம் உனக்குத்தான் வந்திருக்கும். இப்போ சொத்து இல்ல. புத்தியாவது வாங்கிட்டுப் போ.

ஆக்கிரிக் கடையில ஆக்சிலை எடைக்கு வாங்கினேன், நல்ல லாபம்னு சொல்லுத. நல்ல காரியம். நாளைக்குத் திருப்பிப் போடும்போது அவனும் எடைக்குத்தான் எடுப்பான். கணக்கு நேரா நிக்கும்.

மொதல்ல நோக்காடு என்னன்னு பாப்போம். பொன்முடிக்குப் போற மலைரோட்டுல 22 கொண்டை ஊசி வளைவு. எறங்கி வரும்போது ஒரு வளைவுக்குள்ள வேகமா நுழைஞ்சிருக்க. நடுவுல பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து காலைப் பறிச்சிருக்க. வண்டியோட பின்பக்கம் வெளிய போய் ஆடிருக்கு. உடனே பின் ஆக்சில் சரியில்ல, மாத்தணும்னு முடிவு பண்ணிட்ட. வளைவுக்குள்ள வேகமா நுழைஞ்ச காலை மாத்தணும்னு உனக்குத் தோணல பாரு, அதுதான் வாலிபம்.

உன் வண்டி பொய் சொல்லல கேட்டியா. ஹெரால்டு 1959-ல இங்கிலாந்து கோவென்ட்ரியில டிரையம்ஃப் கம்பெனியில பெறந்த மாடல். அதுக்குப் பின்னால இருக்கது ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் சேசிஸ்ல போல்ட் போட்டு அசையாம உக்காந்திருக்கும். அதுல இருந்து ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட். ஒவ்வொண்ணுக்கும் உள்பக்கம் மட்டும் ஒரு ஜாயிண்ட். டிஃபரன்ஷியலுக்கு மேல குறுக்கே ஒரே ஒரு பட்டை செட்டு, அதோட ரெண்டு நுனியும் ரெண்டு சக்கரத்தைப் பிடிச்சிருக்கும். பள்ளத்துல ஒரு சக்கரம் எறங்கினா மத்தது கண்டுக்காது. ஆனா சக்கரம் ஏறி எறங்கும்போது நேரா ஏறாது, சாஞ்சு சாஞ்சு ஏறும். வளைவுல காலைப் பறிச்சா வண்டியோட பின்பக்கம் தூக்கும். வெளிச்சக்கரம் அடியில மடங்கும். டயரு ரோட்டை ஓரத்தால மட்டும் தொடும். பொறவு வண்டி எங்க போகும்னு வண்டிக்கே தெரியாது.

இது உனக்கு மட்டும் வந்த சங்கடம் இல்ல. அமெரிக்காவுல செவர்லே கோர்வேர்னு ஒரு கார், 1960 மாடலா வந்தது, பின்னால எஞ்சின், பின்னால ஸ்விங் ஆக்சில். ரால்ஃப் நாடர்னு ஒரு வக்கீல் 1965-ல ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’னு ஒரு புத்தகம் போட்டு, மொத அத்தியாயத்துலயே அந்தக் காரைத் தூக்கி நிறுத்திக் கேள்வி கேட்டாரு. 1964 மாடல்லயே கம்பெனிக்காரன் குறுக்குப் பட்டை ஒண்ணு சேத்திருந்தான், 1965 மாடலுக்குப் பின்பக்கத்தையே புதுசா செய்திருந்தான். புத்தகம் வரும்போது காரியம் நடந்து முடிஞ்சாச்சு.

நம்ம ஊருக்கு வா. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா 2013-ல நாடு நீங்குனாரு. அவரு பல்லாண்டு காலம் விடாம வச்சிருந்த பென்ஸ் 180 காரை, சி.ஏ.என். 42 நம்பரை, திருவனந்தபுரத்துல தெரியாதவங்க கொஞ்சம்தான். அந்த மாடலுக்கும் பின்னால ஸ்விங் ஆக்சில்தான். மகாராஜா அதுக்கு ஆம்னி ஆக்சில் போடணும்னு நினைச்சதா நான் கேட்டதில்ல. அவருக்கு உன்னைமாதிரி சினேகிதங்க அமையல போல.

இந்த நோக்காட்டுக்கு ரெண்டு பெரிய வைத்தியங்க நடந்திருக்கு. ரெண்டையும் கேளு, பொறவு உன் கை வைத்தியத்தைப் பேசலாம்.

ஒண்ணு கோவென்ட்ரிக்காரன் செய்தது. ஹெரால்டுக்குத் தம்பியா டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு சின்ன வண்டி, அதே பின்பக்கம். 1970-ல மார்க் 4 விட்டப்போ அவன் ஆக்சிலைத் தொடல. பட்டை செட்டுல ஒரே ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்ஷியல்ல இறுக்கினான், மத்ததைச் சுழல விட்டான். வளைவுல வண்டி சாயும்போது பட்டை அதைத் தடுக்காம நெளிஞ்சு குடுக்கும், அதனால சக்கரம் பழையமாதிரி மடங்காது. பின்னால தளத்திவிட்டதுக்கு ஈடா முன்னால ஆன்டி ரோல் பாரைக் கனமாக்கினான். முடிஞ்சுது. இங்கிலாந்துல பழைய ஹெரால்டு வச்சிருக்கவங்க இதைத்தான் தேடிப் பிடிச்சுப் போடுதாங்க. அதுலயும் வில்லங்கம் உண்டு. பழைய பட்டை டிஃபரன்ஷியல்ல ஆறு ஸ்டட்ல நிக்கும், புதுசு நாலு ஸ்டட்ல. பொறவு வந்த ஸ்பிட்ஃபயருக்கு ஷாஃப்ட் ஒரு பக்கத்துக்கு ஒரு இஞ்சு நீளம் கூடுதல். தெரியாம அதைப் போட்டா டயரு மட்கார்டுல உரசும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கே சட்டை அளவு இப்படி மாறுது. நீ மாருதி வீட்டுல பொண்ணெடுக்கப் போற.

ரெண்டாவது வைத்தியம் மெட்ராஸ்ல நடந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-ல இருந்து ஹெரால்டு பண்ணினாங்க. நம்ம நாட்டு வாங்குறவனுக்கும் பிடிக்கல, பட்டறை ஆசானுக்கும் பிடிக்கல இந்த ஸ்விங் ஆக்சில். அதனால 1972-ல அதே 948 சிசி எஞ்சினை வச்சுக்கிட்டு, பின்னால ஸ்விங் ஆக்சிலை எடுத்துட்டு, ஆம்னியில உள்ளமாதிரி லைவ் ஆக்சிலைப் போட்டாங்க. அதாவது நீ இப்போ ஓட்டுப்பெரையில வச்சு செய்யப்போற அதே சோலியை, ஒரு கம்பெனி, படம் போடுற எஞ்சினியரும் அச்சும் ஃபாக்டரியும் வச்சு செய்தது. செய்து முடிச்சதும் அந்த வண்டியை ஹெரால்டுன்னு விக்கல. முகத்தையும் கொஞ்சம் மாத்தி, ஸ்டாண்டர்டு கேஸல்னு புதுப் பேரு போட்டு வித்தாங்க. ஆக்சில் மாறினா வண்டியே மாறிப்போச்சுன்னு செய்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

அதே கம்பெனி 1985-ல ஸ்டாண்டர்டு 2000 விட்டாங்க. உடம்பு இங்கிலாந்து ரோவர் எஸ்டி 1, ஐரோப்பாவுல 1977-க்கான சிறந்த கார்னு பரிசு வாங்கினது. உள்ள போட்ட எஞ்சின் 1991 சிசி, பழைய வேன்கார்டு காலத்துச் சரக்கு. விலை பெருசு, இழுவை சிறுசு. 1988-ல கடையைச் சாத்திட்டாங்க. ஆக்சில் மாத்தத் தெரிஞ்ச கம்பெனியே பழசையும் புதுசையும் கோத்து எழுந்திரிக்க முடியாம விழுந்துது. ஆனா உன் கையில யூ போல்ட்டும் வெல்டிங் கம்பியும் இருக்கு. அவங்ககிட்ட இல்லாத தைரியமும் இருக்கு. அதனால தாராளமா இறங்கு. எப்படி இறங்கணும்னு சொல்லித் தாறேன்.

மொத புத்தி: அளக்காதே. டேப்பை எடுத்தா சந்தேகம் வரும், சந்தேகம் வந்தா சோலி நிக்கும். ஒரு டிரம்மு முகத்துல இருந்து மறு டிரம்மு முகம் வரைக்கும் ஆம்னிக்கு எவ்வளவு, ஹெரால்டுக்கு எவ்வளவுன்னு அளந்து பாத்தவனெல்லாம் ஆக்சிலை ஆக்கிரிக் கடையிலயே விட்டுட்டுத் திரும்பி வந்திருக்கான். அகலம் கூடுதலா இருந்தா டயரு மட்கார்டைத் தின்னும். குறைச்சலா இருந்தா சேசிஸ்ல உரசும். டிஃபரன்ஷியல் நட்ட நடுவுல இருக்கா, ஒரு பக்கம் தள்ளி இருக்கான்னு பாத்தா இன்னும் மோசம். ஆக்சிலைக் கொண்டுவந்து வண்டிக்கடியில வச்சபொறவு இதெல்லாம் தானா தெரியும், என்னத்துக்கு முன்கூட்டிக் கவலை?

சக்கர நட்டு சங்கதியை மட்டும் உனக்காக நான் அளந்து வச்சிருக்கேன். ஹெரால்டு சக்கரத்துல நாலு ஸ்டட், அது நிக்கிற வட்டம் 95.25 மில்லிமீட்டர். ஆம்னிக்கும் நாலுதான், வட்டம் 114.3 மில்லிமீட்டர். அப்போ முன்னால ஒரு ஜாதி வீலு, பின்னால ஒரு ஜாதி வீலு. பெரிய சங்கடம் இல்ல, ஸ்டெப்னி எந்த ஜாதின்னு மட்டும் முடிவு பண்ணணும். ஸ்டெப்னி முன்வீலு ஜாதின்னா பின்டயரு மட்டும்தான் பஞ்சராகும், பின்வீலு ஜாதின்னா முன்டயரு மட்டும்தான் பஞ்சராகும். இது உனக்கு அனுபவத்துல தெரியும்.

‘வீலுல புது ஓட்டை போட்டாப் போச்சு’ன்னு எவனாவது சொல்லுவான். பழைய ஓட்டைக்கு நேரா போட்டா, ரெண்டு வட்டத்துக்கும் ஆரத்துல வித்தியாசம் ஒம்பதரை மில்லிமீட்டர்தான், ஸ்டட் ஓட்டை அதைவிடப் பெருசு. புது ஓட்டை பழைய ஓட்டையோட சேந்து ரெண்டும் ஒரே பொத்தலாகும். ‘நாப்பத்தஞ்சு டிகிரி திருப்பிப் போடுதேன்’னு அடுத்த புத்திசாலி வருவான். அங்க நட்டு அழுந்தி உக்கார சரிவு இருக்கா, தகடு கனம் இருக்கான்னு அவனைக் கேளு. அவன் உடனே டீ குடிக்கப் போயிடுவான்.

அடுத்தது பட்டை. ஆம்னி ஆக்சில், காவடி கெட்டாமாதிரி ரெண்டு நெடுக்குப் பட்டைக்கு மேல குறுக்கே கெடந்து, ஒரு பக்கம் தூக்கினா மறு பக்கமும் சேந்து சாயுற லைவ் ஆக்சில். அந்த ரெண்டு பட்டைக்கும் முன்னால ஒரு காது, பின்னால ஒரு ஷாக்கிள் காது, ரெண்டு பக்கமும் சேத்து நாலு காது சேசிஸ்ல வேணும். ஹெரால்டு சேசிஸ்ல அந்தக் காது கிடையாது. அதோட முதுகெலும்பு நடுவுல நெருங்கிப் போற ரெண்டு ரெயில். பக்கத்துக்கு நீட்டிட்டிருக்க அவுட்ரிகர் எல்லாம் பாடியைத் தாங்க மட்டும் வச்சது. அதுல பட்டைக் காதை வெல்டு பண்ணினா, பள்ளத்துல விழுற அடி மொத்தமும் அந்தத் தகடுக்குத்தான். அதுவும் நம்ம ஊரு தகடு. கடக்காத்து ஒரு பக்கம், எடவப்பாதி மழை ஒரு பக்கம், துலா மழை மறு பக்கம். ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாரு. உள்ள போகலன்னா வெல்டு பண்ணலாம். உள்ள போனா, வெல்டு எதுல நிக்கும்னு உன்னையே கேட்டுக்கோ.

வெல்டு பண்ணும்போது இன்னொரு விசேஷம். ஆக்சில் குழாயில பட்டை உக்காருற மேடையை ஒரேயடியா சுத்திச் சுத்திச் சூடேத்தி வெல்டு பண்ணச் சொல்லு. குழாய் கொஞ்சமா வளையும். வெளிய தெரியாது. ஆனா பேரிங் சத்தம் போடும், ஆயில் சீல் கசியும், கசிஞ்ச எண்ணெய் பிரேக் லைனிங்கை நனைக்கும். விவரம் கெட்டவனுங்க என்ன பண்ணுவாங்கன்னா, மொதல்ல சும்மா புள்ளி வச்சு நிறுத்தி, வண்டியைச் சக்கரத்துல எறக்கி, நாலு பேரை உக்கார வச்சு, ரெண்டு பக்கமும் சேசிஸ்ல ஒரே புள்ளியில இருந்து குறுக்கே அளந்து, ஆக்சில் நேரா நிக்குன்னு பாத்து, பொறவு ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டு பண்ணுவாங்க. நேரம் எவ்வளவு விரயம் பாரு.

பட்டையும் காதும் அமைஞ்சுதுன்னு வை. இப்போ டிஃபரன்ஷியல் தலையை எடுத்துக்கோ. உன் பழைய வண்டியில அது அசையாது. அதனால அதுக்கு மேல தரையைக் கிட்டத்துல போட்டிருக்கான் கோவென்ட்ரிக்காரன். லைவ் ஆக்சில்ல அந்த இரும்புத் தலை ஒவ்வொரு பள்ளத்துலயும் ஏறி எறங்கும். அதுக்கு மேல இடம் வேணும். இடம் விட வண்டியைத் தூக்கினா வளைவுல இன்னும் ஆடும், எந்த ஆட்டத்துக்குப் பயந்து இந்தச் சோலியைத் தொடங்கினியோ அதே ஆட்டம். தூக்காம விட்டா, பின்சீட்டுல உன் அத்தையும் சாலைக்கடையில வாங்கின அரிசிச் சாக்கும் ஏறின அன்னிக்கு, கரமனைப் பாலம் தாண்டும்போது டிஃபரன்ஷியல் வந்து தட்டி நலம் விசாரிக்கும். அத்தைக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, முன்ன சேசிஸ் சுமந்த பாரத்தை இனி சக்கரம் சுமந்துக்கிட்டே குதிக்கும். லைவ் ஆக்சில் வளைவுல நல்ல பிள்ளை, குழியில முரட்டுப் பிள்ளை. நீ பொன்முடிக்கு வருசத்துல எப்பவாவது போவ. குழியில தெனமும் போவ.

ஜாயிண்ட் ஷாஃப்ட்டைப் பத்திக் கேக்கவே கேக்காத. டிஃபரன்ஷியல் ஏறி எறங்குதுன்னா கியர்பாக்ஸுக்கும் அதுக்கும் உள்ள தூரம் கூடிக் குறையும். ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழி வேணும், ஸ்லிப் ஜாயிண்ட் வேணும். இல்லன்னா அது ஒரு நாள் கியர்பாக்ஸைத் தள்ளும், ஒரு நாள் இழுக்கும். பினியன் மூக்கு எந்தக் கோணத்துல நிக்குன்னும் பாக்கணும். கியர்பாக்ஸோட கோடும் பினியனோட கோடும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருந்தாத்தான் ரெண்டு கிராஸும் ஒண்ணோட குலுக்கலை ஒண்ணு சரிக்கட்டும். ஃபிளாஞ்சுல போல்ட் வட்டமும் ரெண்டு வீட்டுக்கும் வேற. லேத்துக்காரன் ஷாஃப்டை அறுத்து, நடுவுல குழாய் வச்சு வெல்டு பண்ணித் தருவான். பேலன்ஸ் பாக்காம வாங்கி மாட்டு. அறுபதுல போகும்போது வண்டி அதிரும். பின்சீட்டுல இருக்கவங்களுக்கு உடம்பு பிடிச்சுவிட்டமாதிரி இருக்கும், தனியாக் காசு கேக்கலாம்.

இப்போ பல் கணக்கு. கிரவுன் பினியன் விகிதம்னு ஒண்ணு இருக்கு. இங்கிலாந்து ஹெரால்டுல 948 சிசி வண்டிக்கு 4.875, பொறவு வந்த 1200 சிசிக்கு 4.11. எஞ்சினுக்குத் தெம்பு கூடினபொறவுதான் எண்ணைக் குறைச்சான். உன் 948-க்கு 4.11 போட்டா, அதே எஞ்சின் சுத்துக்கு வண்டி 18 சதவீதத்துக்கு மேல கூடுதலா ஓடும். சமதரையில சொகம். பொன்முடி ஏத்தத்துல உன் அத்தை எறங்கித் தள்ளணும். அதுமட்டுமில்ல, ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வருது. பின்னால பல் மாறினது அதுக்குத் தெரியாது. மீட்டர் 50 காட்டும், வண்டி 59-ல போகும். 2023-ல கேரளா முழுக்க 726 கேமரா வச்சிருக்காங்க. ஹெல்மெட்டு, சீட்பெல்ட்டு பாக்கதுதான் அதுல ஒருபாடு. வேகம் பாக்கது கொஞ்சம். உனக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

உன் ஆம்னி ஆக்சில்ல விகிதம் என்னன்னு தெரியணும்னா ஒரு பைசா செலவில்ல. தரையில போட்டு, ஒரு பக்க டிரம்மை அசையாம கெட்டு. மறு பக்க டிரம்மை முழுசா ரெண்டு சுத்து சுத்து. பினியன் எத்தனை சுத்துதுன்னு சாக்பீஸ் கோடு போட்டு எண்ணு. அந்த எண்ணம்தான் விகிதம். இதை நான் சொன்னேன்னு ஆசான்கிட்டச் சொல்லாதே, அவருக்குத் தெரியும், நீ கேக்கணும்னு காத்திருக்காரு.

இவ்வளவும் விளையாட்டா சொன்னேன். பிரேக்கை மட்டும் விளையாட்டா சொல்ல மாட்டேன், நல்லா கேட்டுக்கோ. ஹெரால்டு பிரேக் லைன்ல இங்கிலீஷ் இஞ்சு மரை. ஆம்னியில மில்லிமீட்டர் மரை. ரெண்டும் ஒண்ணுல ஒண்ணு ரெண்டு சுத்து ஏறும், ஏறினமாதிரி இருக்கும். டெஃப்லான் டேப்பு சுத்தி இறுக்கினா நின்னுக்கும்னு சொல்லுறவனை வீட்டுப் படி ஏத்தாதே. உன் வண்டி காலத்துல மாஸ்டர் சிலிண்டர்ல ஒரே சர்க்கியூட்டு. பின்னால ஒரு யூனியன் விட்டா முன்னாலயும் பிரேக் கிடையாது, நாலு சக்கரமும் போச்சு. கைபிரேக் இருக்கேன்னு சொல்லுவ. அதோட கேபிளும் புது ஆக்சிலுக்கு எட்டல, நாளைக்குப் பாக்கலாம்னு கெட்டி வச்சிருப்ப.

அடுத்தது முன்பின் பலம். வீல் சிலிண்டர் அரையே அரைக்கால் இஞ்சுல இருந்து முக்கால் இஞ்சு ஆனா, பாத்தா சின்ன வித்தியாசம். தள்ளுற பலம் 44 சதவீதம் கூடும். ஆம்னி வேன், பின்னால பாரம் ஏத்துறதுக்குன்னே செய்தது. உன் ஹெரால்டுக்கு எஞ்சின் முன்னால, பின்பக்கம் லேசு. பிரேக் மிதிச்சா பின்சக்கரம் முதல்ல பூட்டும். நனைஞ்ச ரோட்டுல பின்சக்கரம் முதல்ல பூட்டினா வண்டி திரும்பி, வந்த வழியைப் பாத்து நிக்கும். பொன்முடி வளைவுல எப்பவாவது பயந்தவன், கிழக்கேகோட்டை சிக்னல்ல மழை வரும்போதெல்லாம் பயப்படணும். சிலிண்டர் அளவையும் டிரம்மு அளவையும் முன்னோட ஒத்துப் பாக்காம இந்த வண்டியை ரோட்டுல எறக்கினா, நான் உனக்கு மாமன் இல்ல.

சரி, இரும்பு எல்லாம் பொருந்திட்டுன்னு வை. சர்க்கார் பொருந்தணுமே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தப்படாதுன்னு சொல்லுது. இதுல பேரு போன வழக்கு நம்ம கேரளாவுல இருந்துதான் போச்சு. கேரளா ஐகோர்ட்டு கொஞ்சம் தாராளமா இருந்தது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிட்டு, மாநில விதியைக் காட்டி 52-ஐத் தாண்ட முடியாதுன்னு தீர்ப்புச் சொன்னது. நிறம் மாத்துறது, சில்லறை சாமான் போடுறது வேற சங்கதி. அதே வருசம் சட்டத்துல 182 ஏ-ன்னு ஒரு பிரிவும் சேந்தது. அனுமதி இல்லாம மாத்தின ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபா, இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். நீ மாத்தப்போறதுல ஆக்சில் ஒண்ணு, பட்டை ஒண்ணு, ஷாஃப்ட் ஒண்ணு, பிரேக் ஒண்ணுன்னு இன்ஸ்பெக்டர் எண்ணத் தொடங்கினா, நீ அவரை ஒண்ணோட நிறுத்தப் பாரு. அவருக்கும் எண்ணத் தெரியும்.

அதுலயும் உன் வண்டிக்கு இன்னொரு யோகம் இருக்கு. 50 வருசம் தாண்டின காருக்கு வின்டேஜ்னு தனி நம்பர் குடுக்க 2021-ல மத்திய சர்க்கார் விதி போட்டிருக்கு. நிபந்தனை என்ன தெரியுமா? வண்டி பெறந்த ரூபத்துலயே இருக்கணும். சேசிஸ்லயும் பாடியிலயும் எஞ்சின்லயும் பெரிய கைவேலை நடந்திருக்கப்படாது. நீ சேசிஸ்ல நாலு காது ஒட்டவச்சுக்கிட்டு அங்க போய் நில்லு. காது நல்லா இருக்குன்னு அவங்க சொல்லாம இருந்தா சரி.

அப்போ நான் என்ன பண்ணட்டும் மாமான்னு கேக்குத. இதை மொதல்லயே கேட்டிருந்தா நான் இவ்வளவு பேசிருக்க வேண்டாம், எனக்கும் வேற சோலி இல்ல.

வண்டியைச் சமதரையில நிறுத்தி, பின்னால இருந்து குனிஞ்சு பாரு. ரெண்டு சக்கரமும் மேல்பக்கம் உள்ள சாஞ்சு, கீழ்ப்பக்கம் அகண்டு நிக்குதா? அப்போ குறுக்குப் பட்டை தளந்துபோச்சு. பட்டை செட்டைப் பட்டறையில குடுத்து வளைவு ஏத்தி வாங்கு. பின்சக்கரத்தைக் கையால ஆட்டிப் பாரு. கீழ நைலான் புஷ் தேஞ்சிருந்தா, சேசிஸ்ல இருந்து வாற ரேடியஸ் ஆர்ம் புஷ் தேஞ்சிருந்தா, நீ காலைப் பறிக்கும்போது சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். வால் ஆடினதுல பாதி அதுதான். டயரு எப்போ செய்ததுன்னு பக்கத்துல அச்சடிச்சிருக்கான், வாசி. காத்து முன்னால எவ்வளவு, பின்னால எவ்வளவுன்னு புத்தகத்துல உள்ளபடி வை. நாலு டயருக்கும் ஒண்ணுபோல அடிக்கச் சொல்லுறது பெட்ரோல் பங்குப் பையனோட சௌகரியம். இதுக்கெல்லாம் ஆக்சில் மாத்துற அளவு செலவு ஆகாது. 25 அடி வட்டத்துக்குள்ள அரைவட்டம் அடிக்கிற கார் இது, சாலைக்கடைச் சந்துல இதுக்கு நிகர் இல்ல. அந்தக் குணம் முழுக்க முன்பக்கத்துல இருக்கு. பின்பக்கம் கேக்கது ஒண்ணுதான்: வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறை, உள்ள போனபொறவு காலைப் பறிக்காதே, லேசா மிதிச்சே வெளிய வா.

அதுக்கும் மேல வேணும்னா, கோவென்ட்ரிக்காரன் வழியில பட்டையை மாத்து, ஸ்டட்டை எண்ணிட்டு வாங்கு. லைவ் ஆக்சில்தான் வேணும்னு ஒத்தக்காலுல நின்னா, மெட்ராஸ்காரன் வழியில, செத்துக் கிடக்க கேஸல் ஒண்ணைத் தேடி, ஆக்சிலை மட்டும் உருவாம, அது உக்காந்திருந்த இடத்தையும் பிரேக்கையும் ஷாஃப்டையும் சேத்து எடு. அளவெல்லாம் ஒரு தடவை எவனோ சம்பளம் வாங்கிக்கிட்டு யோசிச்சது. அந்த யோசனையும் சேந்து கிடைக்கும், தனி விலை இல்ல. அப்பவும் ஆர்.டி.ஓ. ஆபீசுல மொதல்ல எழுதிக் கேட்டுட்டு ஸ்பானரை எடு.

இல்ல மாமா, ஆம்னி ஆக்சிலைத்தான் போடுவேன்னா, தடுக்க நான் யாரு. போடு. ஆனா மெட்ராஸ்காரன் காட்டின ஒரு மரியாதையை மட்டும் நீயும் காட்டிரு. வண்டிக்குப் பேரை மாத்து. ஹெரால்டுன்னு இனி அதைச் சொல்லப்படாது. கேஸல் பேரை அவன் எடுத்துட்டான். மிச்சம் எந்தப் பேரு வேணும்னாலும் வச்சுக்கோ, நம்ம வீட்டுப் பேரை மட்டும் வச்சிராதே.